விரல் அகலம்

பிர்னோவில் டிராம் பணிமனைக்கு எதிரே
இரண்டாம் மாடி.
அறையைச் சூடாக்கும் குழாய் ஜில்லிட்டுக் கிடந்தது.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தோம்
ஏழு பேர்.

வந்திருக்கும் நன்கொடை
ஒரே ஓர் ஆளுக்கு
ஒரே ஒரு வருடச் சம்பளம்.
அந்த ஆள் எதைப் பார்ப்பது?
மேசைமேல் இருக்கும் கணினியையா,
சட்டைப்பையில் இருக்கும் கைபேசியையா?

ரதோவான் எழுந்து நின்றான்.
யிஹ்லாவாவில் நிலப்பத்திர அலுவலகம் அவனுக்கு.
இரண்டு திரை, முந்நூறு பக்கம்.
"அடிக்குறிப்பு ஒரு வரி கீழே நழுவினால்
ஒருவன் வேலி
அடுத்தவன் கொல்லைக்குள் நழுவும்" என்றான்.
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
போன வெளியீட்டில் அது நடந்தே விட்டது.

க்வெதா தன் முறை வந்தபோது
பேசவில்லை, ஒரு கடிதத்தை வாசித்தாள்.
முவான்சாவிலிருந்து நியாமிசி எழுதியது.
ஏரிக்கரையில் மீன் நிறுக்கிறவள்.

"நீங்கள் காசு கேட்பதில்லை,
அதனால் திட்டவும் தயக்கமாயிருக்கிறது.
என் பதிவேட்டில் முப்பத்தொரு நெடுவரிசை,
கைபேசியில் தெரிவது மூன்று.
எடையைப் பார்க்கத் திரையைத் தள்ளினால்
பெயர் போய்விடுகிறது.
பெயரைத் தேடிப் போனால்
எடை போய்விடுகிறது.
போதாக்குறைக்கு, நான் தொடும் கட்டத்தை
என் விரலே மறைக்கிறது.
விரலை என்ன செய்வது, சொல்லுங்கள்."

"ஒரு கணினி வாங்கிக்கொள்ளட்டுமே"
என்றான் ரதோவான், கொஞ்சம் மெல்லவே.

க்வெதா விரல்விட்டு எண்ணினாள்.
கணினிக்கு மேசை,
மேசைக்கு அறை,
அறைக்கு வாடகை,
வாடகைக்கு மீன்,
மீனுக்கு எடை.
ஐந்து விரலும் மடங்கி
கை முஷ்டியாகியிருந்தது.
அதைப் பார்த்து அவளே பிரித்துக்கொண்டாள்.

பதினொரு வருடமாக
அடிக்குறிப்புகள் என் பொறுப்பு.
சம்பளம் கிடையாது, கேட்டதும் கிடையாது.
அந்த நிரலுக்குள் எனக்கு
விளக்கில்லாமல் நடக்க வரும்,
எந்தப் படி உடைந்தது, எங்கே குனிய வேண்டும்.
கைபேசிப் பக்கம் வேறு வீடு.
அதன் வாசல்கூட எந்தத் திசை என்று தெரியாது.

"நாற்பது வருடக் கோப்புகள் இருக்கின்றன,
அவற்றுக்கு நாம்தான் காவல்"
என்று சொல்லிக் கையைத் தூக்கினேன்.
பொய்யில்லை.
ஐம்பத்தெட்டு வயதில்
முதலிலிருந்து தொடங்கச் சோம்பல் என்பதும்
பொய்யில்லை.
அதைச் சொல்லவில்லை.

நான்குக்கு மூன்று.
மேசை வென்றது.
க்வெதா தன் குவளையைத் தானே கழுவிவைத்துவிட்டு
என் குவளையையும் கழுவினாள்.
திட்டியிருக்கலாம்.

இரவு பன்னிரண்டாம் எண் டிராம்.
அவள் அனுப்பியிருந்த பதிவேட்டைத் திறந்தேன்.
கையுறையைப் பல்லால் கழற்றி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
மசாலு. புகிங்கோ. குல்வா.
வலப்பக்கம் தள்ளினேன்.
சத்தோ மீன், பதினாலு கிலோ.
யாருடையது?
இடப்பக்கம் தள்ளினேன்,
வரிசை தவறிவிட்டது.

பெயரை நகராமல் நிறுத்த
ஓர் ஆணி உண்டு எங்களிடம், கணினிக்கென்று அடித்தது.
அதையே இங்கே அடித்தேன்.
பெயர் நின்றது,
திரை முழுக்கப் பெயரே நின்றது.
மீனுக்கு இடமில்லை.

எதிர் இருக்கைப் பையன்
ஹாக்கி மட்டையை மடியில் போட்டுக்கொண்டு
என் கட்டைவிரலையே பார்த்தான்,
ஏதோ விளையாட்டில்
தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.
மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கிப் போனான்.

என் நிறுத்தம் எப்போது போனதோ.
டிராம் கடைசியில் நின்றது.
ஓட்டுநர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து வந்தார்.
என் கையில் மட்டும் வெளிச்சம்.
அந்தப் பதினாலு கிலோ
இன்னும்
என் விரலுக்கு அடியில்.